புத்தாண்டுத் தீர்மானம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் கடைசி வாரத்தில் கேட்கப்படும் கேள்விகள் வருஷா வருஷம் பெரிதாக மாறுவதில்லை. கேட்கிற ஆள்தான் மாறுகிறார். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர், தருமபுரி நூலகத்தில் குரூப் 4-க்குப் படிக்கும் பெண், அரூர்ப் பக்கம் மகளிர் குழுவில் இருக்கும் அக்கா. அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சபதத்தைவிட வாரக் கணக்கை அதிகம் நம்புகிற ஆள் நான். அதனால் பல கேள்விகளுக்குப் பதில் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ஜனவரி 1-ஆம் தேதியே ஆரம்பிக்கணுமா? "தை பிறக்கட்டும்"னு அம்மா சொல்றாங்க.

அம்மா சொல்கிறபடி தையிலேயே ஆரம்பியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. புது வாரம், மாதப் பிறப்பு, பிறந்தநாள், பண்டிகை இவற்றை ஒட்டித்தான் மனிதர்கள் புதிதாக ஒன்றில் இறங்கத் துணிகிறார்கள் என்று 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் எழுதினார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு எந்தெந்த நாள்களில் ஆள் கூடுதலாக வருகிறது என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சொன்னது அது. நமக்கு அப்படிப்பட்ட நாள்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரி 1 தவறினால் தை 1. அதுவும் தவறினால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீடுகளில் யுகாதி. அதையும் விட்டால் சித்திரை 1.

தேதியைவிட உங்கள் பிழைப்பின் பருவத்தைப் பாருங்கள். மா பூக்கும் ஜனவரியில் தோப்புக்காரருக்கு மருந்தடிப்பும் கூலியும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. கோடையில் காய் இறங்கினால்தான் கையில் காசு. அவர் ஜனவரியில் "மாசம் ஐயாயிரம் சேமிப்பேன்" என்று எழுதினால் மாசி தாண்டாது. அதே மாதிரி, ஓசூரில் மார்கழிப் பனியில் விடிகாலை 5 மணிக்கு நடைப்பயிற்சி என்று தொடங்குவதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை வெளியே எடுக்கவே மனசு வராத மாதம் அது. மாலை நடையாகத் தொடங்கி, மாசி பிறந்ததும் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் பிப்ரவரிக்குள்ள விட்டுடறாங்க. அப்புறம் எதுக்குத் தீர்மானம்?

எல்லாரும் விடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களையும், அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களையும் தொடர்ந்து விசாரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் இன்னும் அதில் நிற்பதாகச் சொன்னார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம். அவர்கள் வாயாலேயே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், வித்தியாசம் சின்னதில்லை.

அவரே அதற்கு முன்பு 1980-களின் கடைசியில் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 சதவீதம், இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் 19 சதவீதம். ஐந்தில் ஒருவர்கூட இல்லை என்று இதைப் படிக்கலாம். பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் ஒன்பது பத்துப் பேர் இரண்டு வருஷம் கழித்தும் அதே பழக்கத்தோடு இருக்கிறார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

எத்தனை இலக்கு வைக்கலாம்?

ஒன்று. ரொம்ப ஆசைப்பட்டால் இரண்டு, அதுவும் ஒன்று உடம்பு சம்பந்தமாகவும் மற்றது பணமோ படிப்போ சம்பந்தமாகவும் இருக்கட்டும். பத்து எழுதிய டைரியை அடுத்த டிசம்பரில் பிரித்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

"எடை குறைக்கணும்"னு எழுதியிருக்கேன். சரிதானே?

ஆசையாகச் சரி, வேலையாகப் போதாது. எடை உங்கள் கையில் இல்லை. தட்டும் காலும்தான் உங்கள் கையில் இருக்கின்றன. "வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பேன்" என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் இந்தக் கணக்குத்தான்.

இன்னொன்று, "விடுவேன்" என்பதைவிட "செய்வேன்" என்று எழுதுவது நல்லது. ஸ்வீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்யப்போவதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேர் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். ஒன்றை விடப்போவதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதம். "ராத்திரி பரோட்டா தின்ன மாட்டேன்" என்பதை "ராத்திரி 8 மணிக்குள் வீட்டில் சாப்பிடுவேன்" என்று மாற்றுங்கள். கடை வாசலில் வீசும் சால்னா வாசனையோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் குறையும்.

போகிற போக்கில் ஒன்று. நம் பக்கத்துக்காரர்கள் எடை குறைக்க ஓட்ஸ் பாக்கெட் வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கேழ்வரகு விளைகிற மண்ணில் பிறந்துவிட்டு என்ன ஓட்ஸ்? ஆனால் களிதானே என்று உருண்டைக்கு மேல் உருண்டை உள்ளே தள்ளிவிட்டு, எடை குறையவில்லை என்று கேழ்வரகைத் திட்டுவதும் ஞாயமில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் களியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் மற்ற 97 சதவீதத்தைவிட அதிகம் சம்பாதித்தார்களாமே?

ஏதோ ஒரு தன்னம்பிக்கைக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். சில மேடையில் யேல் பல்கலைக்கழகம் 1953 என்பார்கள், சில மேடையில் ஹார்வர்டு என்பார்கள். யேல் பல்கலைக்கழகத்திலேயே தேடிப் பார்த்தும் அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதை பொய் என்பதால் எழுதுவதில் பயன் இல்லை என்றாகிவிடாது. 138 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அடிக்கடி சரிபார்க்கிறவர்கள் இலக்கை எட்டுவது கூடுகிறது என்று காட்டியது. சரிபார்த்ததை எழுதி வைத்தாலும், நாலு பேர் அறியச் சொன்னாலும் பலன் இன்னும் கூடுகிறது. ஆக, ஜனவரி 1-ஆம் தேதி டைரியின் முதல் பக்கத்தில் அழகாக எழுதியதைவிட, அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கிறுக்கியதுதான் வேலை செய்கிறது.

அந்த வாரக் கணக்கை எப்படி எழுதுவது? எனக்கு டைரி எழுதும் பழக்கமே இல்லை.

இதற்கு நீங்கள் எங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ மகளிர் குழுவில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி அப்போது இதே மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2004-இல்தான்.

ஒரு குழுக் கூட்டத்தைக் கிட்டே இருந்து பாருங்கள். கிழமையும் நேரமும் மாறாது. அங்கன்வாடி வராந்தாவிலோ யார் வீட்டுத் திண்ணையிலோ பாய் விரிப்பார்கள். பன்னிரண்டு முதல் இருபது பேர். ஊக்குநர் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். பெயர் வந்ததும் சேலைத் தலைப்பு முடிச்சு அவிழும், சுருக்குப்பை திறக்கும், சுருட்டி வைத்த நோட்டு பாயில் வந்து விழும். சேமிப்புப் பேரேட்டில் ஒரு வரி, அவரவர் பாஸ்புக்கில் ஒரு வரி. வராதவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. "என்னாச்சு, போன வாரமும் வரலியே, பையனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தர் கேட்பார். தாமதமாக வந்தவர் சில்லறை அபராதத்தைச் சிரித்துக்கொண்டே வைப்பார். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். வங்கி வாசலே மிதிக்காத பெண்கள் இப்படித்தான் மாடு வாங்கினார்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தார்கள்.

இதை அப்படியே உங்கள் இலக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். இந்த வாரம் செய்தது என்ன, செய்யாதது என்ன, ஏன் என்று மூன்று வரி. கூட இரண்டு மூன்று பேர் இருந்தால் ரொம்ப நல்லது. ஒருவருக்கு நடை, ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்குச் சேமிப்பு என்று இலக்கு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. செய்யாதவரைத் திட்டுகிற ஆளை மட்டும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து கூட்டமே நடக்காது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டா வெட்கத்துக்காவது செய்வோம்ல?

நேர்மாறாகவும் ஆகலாம். "வக்கீல் ஆகப்போகிறேன்", "எழுத்தாளர் ஆகப்போகிறேன்" மாதிரி, தான் யார் என்பதைச் சொல்லும் இலக்குகளைப் பிறர் அறியச் சொன்னவர்கள் அதற்காக உழைப்பது குறைந்தது என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவினரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பாராட்டு முன்பணமாகவே வந்துவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி மனசு ஏமாந்துவிடும்போல. நாற்பது தம்ஸ்-அப்பும் எட்டு "ஆல் தி பெஸ்ட் தம்பி"யும் வாங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆசையை ஊருக்குச் சொல்ல வேண்டாம். செய்த கணக்கை ஒரே ஒருவரிடம் வாரா வாரம் சொல்லுங்கள்.

21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடுமா?

ஆகாது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-இல் எழுதினார். "ஆவது" என்பது போகப்போக உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் தன்னால் நடக்கிற பழக்கமாவதற்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி எளிய காரியம் சீக்கிரம் படியும், உடற்பயிற்சி மெதுவாகத்தான். அந்த ஆய்விலேயே எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை.

ஓசூர்ல கம்பெனி வேலை. ஒரு வாரம் ஏ ஷிப்ட், ஒரு வாரம் பி, ஒரு வாரம் நைட். எந்த நேரத்துக்குன்னு இலக்கு வைக்கிறது?

மணியைப் பார்த்து வைக்காதீர்கள். "தினமும் காலை 6 மணிக்கு" என்பது நிரந்தர நேரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரை. காலை 6 மணிக்கு நீங்கள் ஒரு வாரம் பஞ்ச் வைத்துக்கொண்டிருப்பீர்கள், அடுத்த வாரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், மூன்றாம் வாரம் கண் எரிச்சலோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பீர்கள்.

எந்த ஷிப்டிலும் மாறாமல் நடக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குவது மாறாது. ரூமுக்கு வந்து ஷூ கழற்றுவது மாறாது. தூங்கி எழுந்து முதல் டீ குடிப்பது மாறாது. "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் எண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று மேலே சொன்ன கோல்விட்சரே 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு அது இப்படி இருக்கலாம்: "பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே ரூமுக்குப் போகாமல் ஒரு ஸ்டாப் தூரம் நடந்துவிட்டுப் போவேன்." "முதல் டீயை வைத்துக்கொண்டு டிப்ளமோ பாடத்தில் இரண்டு பக்கம் படிப்பேன், அதற்குப் பிறகுதான் போன்."

நைட் ஷிப்ட் வாரத்துக்கு இலக்கைப் பாதியாக்குங்கள். அந்த வாரம் தூக்கமே பெரிய சாதனை. ஓவர்டைம் வருகிற மாதக் கடைசியில் கால்வாசி போதும். ஷிப்ட் மாறுகிற ஞாயிற்றுக்கிழமையில் நோட்டை எடுங்கள். வார லீவு வேறு நாளாக இருந்தால் அன்றைக்கு.

சபரிமலைக்கு மாலை போட்டா தொடவே மாட்டேன். கழட்டினதும் பழையபடி குடி. புத்தாண்டுச் சபதமும் அப்படியே போகுது. என்ன வழி?

உங்களால் முடியும் என்பதை நீங்களே வருஷா வருஷம் நிரூபித்துக் காட்டுகிறீர்கள். ஒரு மண்டலம் உங்களைத் தாங்கியது என்னென்ன என்று பாருங்கள். உடுப்பு கறுப்பு. பெண்டாட்டி, பிள்ளை, டீக்கடைக்காரர், கண்டக்டர் எல்லாரும் "சாமி" என்கிறார்கள். கூடக் குடிக்கிறவன் அவனாகவே விலகிப்போகிறான். கேள்வி கேட்கக் குருசாமி இருக்கிறார். எல்லாவற்றையும்விட, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, கால் தானாகக் கடைப் பக்கம் போகிற அந்த நேரத்தில், பூஜையும் பஜனையும் இருக்கிறது. மாலையைக் கழற்றும் நாளில் இந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். அப்புறம் மன உறுதி ஒன்றை மட்டும் தனியாக நிற்கச் சொன்னால் அது எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே மாலையைக் கழற்றும் முன்பே யோசியுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன? ஷட்டில், பசங்களுக்குக் கணக்குச் சொல்லித்தருவது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, எதுவானாலும் சரி, காலியாக விடக்கூடாது. கூட மலைக்கு வந்தவர்களில் விட நினைக்கும் இன்னொருவர் நிச்சயம் இருப்பார். அவரோடு வாராவாரம் பேசுங்கள். டிசம்பர் 31 ராத்திரி "கடைசியா ஒண்ணு" என்று கூப்பிடும் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, புத்தி தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுவும் வைத்தியம்தான். 104-க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

வருமானம் ஒரே சீராக இல்லை. தக்காளிக்காரனும் மாங்காய்க்காரனும் எப்படிச் சேமிப்பு இலக்கு வைப்பது?

"மாசம் இவ்வளவு" என்பது சம்பளக்காரர் கணக்கு. பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளியை ஒரு மாதம் ரோட்டில் கொட்டிவிட்டு வருகிறோம், இன்னொரு மாதம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிறது. மாவில் ஒரு வருஷம் கிளை முறியக் காய்த்தால் அடுத்த வருஷம் மரம் ஓய்வெடுக்கும். பெங்களூரா ரகம் வைத்திருப்பவருக்கு மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் வைத்ததே விலை. இந்தப் பிழைப்பில் தொகையாக வைத்த இலக்கு உடையும், பங்காக வைத்தால் நிற்கும். மண்டியில் பணம் வாங்கிய அன்றே, வீட்டுக்குப் போகும் முன், பத்தில் ஒரு பங்கைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பணத்துக்கு ஆயிரம் சொந்தக்காரர்கள் முளைப்பார்கள்.

எங்கே போடுவது என்றால், தபால் நிலையத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே கிடைக்கும், ஐந்து வருஷம். ஆனால் மாதம் தவறாமல் கட்ட வேண்டும் என்பதால் அது சம்பளக்காரருக்கும் பால் ஊற்றுகிறவருக்கும் தோது. சீசன் வருமானக்காரருக்குப் பொது வருங்கால வைப்பு நிதி பொருந்தும். நிதியாண்டுக்கு 500 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும், நல்ல வருஷத்தில் ஒன்றரை லட்சம் வரை போடலாம். பதினைந்து வருஷம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்பில் வருஷத்துக்கு 250 ரூபாயே போதும், அதிலும் உச்சவரம்பு ஒன்றரை லட்சம். சீட்டு கட்டுவதாக இருந்தால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். "நம்மாளுதான்" என்பது பதிவு ஆகாது. கைமாற்றுக் கடன் வட்டியோ நகைக்கடனோ ஓடிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எதற்கும் முன்னால் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். வைப்புத் தொகைக்கு வரும் வட்டி பெரும்பாலும் அந்த வட்டியை எட்டிப்பிடிக்காது.

குரூப் 4 இந்த வருஷம் எப்படியும் அடிக்கணும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் படிக்கத் திட்டம்.

பத்து மணி நேரத் திட்டம் பத்து நாள் ஓடும். தேர்வின் அமைப்பை வைத்துத் திட்டம் போடுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மீதி நூறில் 75 பொது அறிவு, 25 திறனறிவுக் கணக்கு. தமிழும் கணக்கும் சேர்ந்தால் 125 கேள்வி, அவை பள்ளிப் புத்தகத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை. நம் பிள்ளைகள் நடப்பு நிகழ்வுகளுக்குப் புத்தகம் புத்தகமாக வாங்கிக் குவித்துவிட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாமல் இருப்பார்கள்.

"இந்த வாரம் ஏழாம் வகுப்புத் தமிழில் இரண்டு இயல், 50 கணக்கு, ஞாயிறு ஒரு மாதிரித் தேர்வு" என்பது இலக்கு. "அடிக்கணும்" என்பது ஆசை. போட்டி பெரிது, இடம் குறைவு. நன்றாகப் படித்தும் கிடைக்காமல் போகலாம் என்பதால், படித்த கணக்கை உங்கள் வெற்றியாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடத்துவார்கள், பாடத்துக்காக இல்லாவிட்டாலும் கூடப் படிக்க ஆள் கிடைப்பதற்காகப் போகலாம்.

எனக்குன்னு ஒரு மணி நேரமே இல்லை. காலையில மாடு, சமையல், அப்புறம் வேலை, சாயந்திரம் பிள்ளைங்க. நான் என்ன இலக்கு வைக்கிறது?

இந்தக் கேள்விக்கு "நேரத்தை நிர்வகியுங்கள்" என்று பதில் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். நேரம் இல்லாததற்குக் காரணம் உங்கள் திட்டமிடல் இல்லை, வீட்டு வேலை மொத்தமும் ஒருவர் தலையில் இருப்பது. அதனால் உங்கள் முதல் இலக்கு வீட்டில் ஒரு வேலையைக் கைமாற்றுவதாக இருக்கட்டும். "ராத்திரிப் பாத்திரம் அவர்", அல்லது "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் பால் ஊற்றுவது பெரியவன்". அதில் கிடைக்கும் இருபது நிமிடம் உங்களுடையது. தையலோ, டைப்ரைட்டிங்கோ, சும்மா மொட்டை மாடியில் நடப்பதோ, அதில் வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வேறு வேலை சொன்னால், "அது என் நேரம்ங்க" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும்.

பிள்ளைக்கு நாங்க இலக்கு எழுதிக் கொடுக்கலாமா? பத்தாவது படிக்கிறான்.

எழுதிக் கொடுத்தால் அது உங்கள் இலக்கு. அவனே எழுதட்டும், சின்னதாக இருந்தாலும் சரி. நீங்களும் உங்களுடையதை அவன் பார்க்க எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் உங்கள் நோட்டைக் கேட்கிற உரிமை இருக்க வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால் ஜனவரியில் புதிதாக ஒன்றும் வேண்டாம், திருப்புதல் மட்டும் போதும்.

ஆயுசு முழுக்க ஆனாலும் முடியாத பெரிய இலக்கு வைக்கலாமா?

வைக்கலாம், பாப்பாரப்பட்டியில் ஒருவர் வைத்திருந்தார். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, சிறையில் பட்ட தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்ற தடையோடு, பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பத் துடித்தார். 1923-இல் வங்காளத்துக் காங்கிரஸ் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி சிவா அதே ஊரில் இறந்துபோனார், ஆலயம் எழவில்லை. அங்கே பாரத மாதா நினைவாலயம் திறந்தது 2021-இல். இத்தனைக்கும் அவர் அதைக் கட்டி முடித்திருந்தால்தான் நமக்கு அவரைத் தெரிந்திருக்கும் என்றில்லை. இப்படிப்பட்ட இலக்கு வைத்திருப்பவர்கள் வருஷக் கடைசியில் முடிந்ததா என்று பார்க்கக்கூடாது. இந்த வருஷம் யாரைச் சேர்த்தேன், எதை விட்டுவைத்தேன் என்று பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அரை மணி நேர நடையே இன்னும் பாக்கி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

மூணு வாரமா நோட்டையே தொடலை. மறுபடி முதல்ல இருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். விட்ட வாரங்களுக்கு நேரே ஒரு கோடு போட்டு, ஏன் என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வரியில் தொடருங்கள். காய்ச்சல், கல்யாணம், காது குத்து, ஓவர்டைம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். ஒரே காரணம் நாலு முறை வந்தால் இலக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். மாற்றுவதில் மானம் போய்விடாது.

எந்த ஆப் நல்லது?

நோட்டு. போனைத் திறந்தால் நோட்டு எழுதத் திறந்தோம் என்பதே மறந்துபோகும்.

ஜனவரி 1-ல ஆரம்பிச்சா ரெண்டே வாரத்துல பொங்கல் வந்துடுது. ஊர் முழுக்க எருது விடும் விழா, சொந்தக்காரங்க, கறிச்சோறு. அங்கேயே எல்லாம் கலைஞ்சுடுதே?

கிருஷ்ணகிரிப் பக்கம் இது நிஜமான பிரச்சினை. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாள் எருது விடுவதால், பண்டிகை போகியில் தொடங்கிக் காணும் பொங்கலோடும் முடிவதில்லை. அந்த நாள்களில் இலக்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை லீவு என்று நோட்டில் இப்போதே எழுதிவிடுங்கள். திரும்பத் தொடங்கும் நாளையும் அதே வரியில் எழுதுங்கள், அது ஒரு திங்கட்கிழமையாக இருந்தால் சௌகரியம். பெங்களூரிலிருந்து வரும் மச்சான், திங்கட்கிழமை காலையில், "இன்னும் ஒரே ஒரு நாள்தானே மாமா" என்பார். அவருக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதையும் அதன் கீழேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.